ஒரே குதிரையில் வந்த உறவுகள்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ரொட்டியை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். பொய்யென்றால் அந்த ரொட்டியே என்னை அடிக்கட்டும். முப்பத்தொரு வருஷம் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். காற்று எந்தத் திசை, மேகம் எத்தனை பங்கு, பனி எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மேலிடத்துக்குச் சொன்னவன். அப்படிப்பட்டவனுக்குப் பொய் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது?

சாதிபால்டி அண்ணன் வீட்டுச் சாவு இது. அவருக்கு முன்னால் பிறந்த நாலும் தங்கவில்லை. ஐந்தாவதை அவர் அம்மா ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வாசல் வழியாகப் போய் விலைக்கு வாங்கி வந்தாள். அதனால்தான் 'வாங்கினது' என்று அர்த்தம் வருகிற அந்தப் பெயர். "எங்க அம்மா ஏமாந்துட்டா. அந்த விலைக்கு ஒரு நல்ல கழுதை கிடைச்சிருக்கும்" என்று அவரே சொல்வார். "கழுதை கிடைச்சிருந்தா நானாவது சந்தோஷமா இருந்திருப்பேன்" என்று அடுப்படியிலிருந்து புருல் மதினி சொல்வாள். இதே பேச்சைப் பதினாறு வருஷம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் புதிதாகச் சிரிப்பார்கள்.

சீன எல்லையை ஒட்டின கராஜில்காப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் இரண்டே இடத்தில்தான் புகை எழும். மேட்டில் என் நிலையம். கீழே பள்ளத்தில் அவர்கள் வீடும் ஆட்டுக் கிடையும். கூட்டுப்பண்ணை கலைந்து மூன்றாவது குளிர்காலம் அது. மற்றவர்கள் எல்லாம் ஆட்டைப் பிரித்துக்கொண்டு, கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு கணவாய் தாண்டிப் போய்விட்டார்கள். என் மேட்டிலிருந்து பார்த்தால் துமார் கணவாய் கண்ணுக்கு நேரே தெரியும். பள்ளத்திலிருந்து தெரியாது. கணவாய் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதை ரேடியோவில் நரின் நகரத்துக்கும், வாயால் சாதிபால்டி அண்ணனுக்கும் நான்தான் சொல்லவேண்டும்.

தை மாசத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணன் செவலைக் குதிரையில் மேட்டுக்கு ஏறி வந்தார். கீழே இறங்கவில்லை. சேணத்தில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"எசென், உங்க மதினி டீ ஊத்துனா. எனக்கு ஒரு கிண்ணம் ஊத்துனா. தனக்கு ஒரு கிண்ணம் ஊத்துனா. அது ஆறிப்போச்சு."

"மறுபடி சூடு பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றே ரேடியோவில் நரினைப் பிடித்தேன். சேதி போகவேண்டிய வீடுகள் நாலு. மூத்தவன் மைராம்பெக், தலைநகரத்துச் சந்தையில் கடை போட்டிருந்தான். இளையவன் ஜோல்தோஷ், நரினிலேயே லாரி ஓட்டினான். மகள் அனாரைத் தலாஸ் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. நாலாவது, கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்த மதினியின் அண்ணன் கச்கின்.

"மத்தவங்களை விடு. கச்கின் வரணும்டே" என்றார் அண்ணன். "பிறந்த வீட்டு ஆள் வந்து நின்னு, சரின்னு சொல்லாம அவமேல மண்ணு போட முடியாது. நாற்பத்தொன்பது வருஷமா என் வாசலை மிதிக்காதவன். இதுக்காவது வந்துருவான்ல?"

"வருவாரு அண்ணே."

"வந்து என்னை நாலு சாத்து சாத்தட்டும். வந்தாப் போதும்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நரினிலிருந்து பதில் வந்தது. நாலு வீட்டுக்கும் சேர்த்தே பதில் ரொம்பச் சின்னது, இரைச்சல் அதிகம். நான் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பனி கொட்ட ஆரம்பித்தது.

அது என்ன பனி என்கிறீர்கள்! பனி அளக்கிற கம்பு மூன்று மீட்டர். அது முங்கியது. அதன் தலையில் மண்வெட்டியைக் கட்டினேன். அதுவும் முங்கியது. அதன்மேல் துடைப்பத்தைக் கட்டினேன். துடைப்பத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அதில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. கணவாயில் அன்றைக்குக் கழுகுகள் நடந்துதான் போயின. பறக்க இடமில்லை, பனிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் மிச்சம். ஆனால் ஆண்டவன் கணக்கைப் பாருங்கள், கீழே பள்ளத்தில் மட்டும் கணுக்கால் அளவுதான். காற்று கூட்டித் தள்ளிவிடும். அதற்காகத்தானே அந்த இடத்தில் கிடை போடுகிறார்கள்.

நான் இறங்கிப் போய்ச் சொன்னேன். அண்ணன் வாசலில் கூடாரச் சுவருக்குக் கம்பட்டை என்கிற கெட்டிக் கம்பளியை விரித்துக்கொண்டிருந்தார். செத்தவர்களை வீட்டுக்குள் வைத்து அனுப்புவது எங்களில் வழக்கமில்லை. கூடாரம் போட்டுத்தான் ஆகவேண்டும். எட்டுப் பேர் செய்கிற வேலையை ஒற்றை ஆளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கணவாய் அடைச்சிருச்சு அண்ணே."

கையில் இருந்த கயிற்றை அவர் விடவில்லை. "எம்புட்டு?"

"சாமானியத்துல திறக்காது."

"எல்லாரும் கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பி அந்தப் பக்கம் வந்து நிக்கிறாங்களாம்."

"கச்கினுமா?"

"அவருதான் முதல்ல வந்தாராம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "அந்தக் கழியைப் பிடி. கோணலா நிக்குது பாரு, உங்க மதினி பாத்தா சும்மா விடமாட்டா" என்றார்.

கூடாரம் போட்டு முடிக்க அன்றைய வெளிச்சம் போதவில்லை. மறுநாள் காலையில் குளிப்பாட்டினோம். பொம்பளையைப் பொம்பளைகள்தான் குளிப்பாட்டவேண்டும், ஐந்து பேர் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் பொம்பளை என்றால் அன்றைக்கு நூற்றிருபது ஆடும் ஒரு பசுவும்தான். கடைசியில் நான் திரைக்கு இந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, பனியை உருக்கிச் சுடவைத்த தண்ணியைச் செம்பு செம்பாகத் தோளுக்கு மேலே நீட்டுவது என்றும், அவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குளிப்பாட்டுவது என்றும் முடிவானது.

"மார்க்கத்துல புருஷன் தொடக்கூடாதும்பாங்க" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து.

"யாரு பாக்கப் போறா அண்ணே."

"பாக்குறவன் பாப்பான். பாத்துட்டுக் கேட்டான்னா, வேற ஆளை அனுப்பியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்னு கேப்பேன்." கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். "தண்ணி சூடு பத்தாது எசென். அவளுக்குக் கால் எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும். ராத்திரி என் வயித்துல கொண்டாந்து வைப்பா. ஐஸ் மாதிரி. ஒருநாள்கூட எடுறீன்னு சொன்னதில்ல."

நான் தண்ணியை மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.

குழி தோண்டியது பெரிய கூத்து. பூமி இரண்டு முழம் ஆழத்துக்கு இரும்பாக இறுகிக் கிடந்தது. கடப்பாரையைப் போட்டால் 'டங்' என்று சீனாவரைக்கும் கேட்டிருக்கும். எல்லைக் காவல்காரன் யாராவது திரும்பித் தட்டினானோ என்று காது கொடுத்துக் கேட்டேன். காய்ந்த ஆட்டுச் சாணக் கட்டிகளை அடுக்கி, நெருப்பு மூட்டி, இளகின மண்ணை ஒரு சாண் தோண்டி, மறுபடி நெருப்பு மூட்டி, மறுபடி ஒரு சாண். அவர் எழுபதைத் தாண்டிய மனுஷன். "நீங்க உக்காருங்க" என்றால், "நாற்பத்தொன்பது வருஷமா அவளை நிக்க வச்சு வேலை வாங்கிட்டு நான் உக்காந்துதான் இருந்தேன். இன்னைக்கு வேண்டாம்" என்பார். அடியில் பக்கவாட்டில் அறை குடையும்போது மட்டும் என்னை விடவில்லை. உள்ளே படுத்துப் பார்த்து, தோளை அசைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு கை அகலம் வேணும். அவ புரண்டு படுப்பா" என்றார்.

வியாழக்கிழமை அடக்கம் என்று முடிவானது. அதற்குமேல் வைக்கமுடியாது.

அன்று காலையில் மாவு பிசைந்து, சின்னச் சின்னதாக வெட்டி, ஆட்டுக் கொழுப்பில் பொரித்தோம். வாசனை அவளுக்குப் போய்ச் சேரவேண்டும். நான் பொரித்தது கருகியது. அண்ணன் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "இதை வச்சு ஓநாயை அடிக்கலாம்" என்றார். பிறகு ஒரு ஆட்டை அறுத்துக் கொப்பரையில் போட்டோம்.

எல்லாம் தயார். அவள் கூடாரத்துக்குள், திரைக்குப் பின்னால், புதுத் துணியில் படுத்திருக்கிறாள். அண்ணன் இடுப்பில் கச்சை கட்டி, கையில் தடி ஊன்றி, கூடார வாசலில் தாழ்ந்த தலையோடு நின்றார். வீட்டு ஆம்பளை அப்படித்தான் நிற்கவேண்டும். வருகிறவர்கள் தூரத்திலிருந்தே குதிரையை விரட்டிக்கொண்டு, வாய்விட்டு அலறிக்கொண்டு வரவேண்டும். இவர் இங்கிருந்து பதிலுக்கு அலறவேண்டும். உள்ளே பொம்பளைகள் ஒப்பாரி எடுக்கவேண்டும்.

அவர் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். யாரும் வரவில்லை. ஒரு ஆடு தும்மியது.

அரைமணி நேரம் அப்படி நின்றிருப்போம். பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எசென், வானம் இவ்வளவு அமைதியா இருந்தா அவ என்ன நினைப்பா? செத்ததுகூட யாருக்கும் தெரியலன்னுதானே நினைப்பா?"

அவர் இடுப்புக் கச்சையை அவிழ்த்தார். என் இடுப்பில் கட்டினார். தடியை என் கையில் கொடுத்தார்.

"இப்ப நீதான் நான். சாதிபால்டி. தலையைத் தொங்கப்போடு. இளிக்காத."

"நான் இளிக்கல அண்ணே. என் மூஞ்சியே அப்படித்தான்."

அவர் வீட்டுக்குள் போய் மூத்தவன் விட்டுப்போன நரித்தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். செவலையில் ஏறினார். எதிர் மேட்டைத் தாண்டி மறைந்தார். இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்த மேட்டு உச்சியில் குதிரை தெரிந்தது. கடிவாளத்தைத் தளரவிட்டு, பக்கவாட்டில் சரிந்து, எழுபது வயது மனுஷன் இருபது வயதுக்காரன் மாதிரி பாய்ந்து வந்தார்.

"என்னப் பெத்த தாயே! நான் வர்றதுக்குள்ள போயிட்டியே தாயே!"

பள்ளத்தாக்கே அதிர்ந்தது. என்னை அறியாமல், "போயிட்டாளேடா, மகனே, போயிட்டாளே!" என்று நான் தடியில் சாய்ந்து கத்தினேன். குதிரையிலிருந்து அவரைத் தாங்கி இறக்கினேன். மைராம்பெக் என் தோளில் விழுந்து அழுதான். ஆட்டுக் கொழுப்பும் சாணப் புகையும் கலந்த அந்த வாசனையைத் தவிர, அது மைராம்பெக்தான். சத்தியமாகச் சொல்கிறேன்.

"வழியில ரொம்பக் கஷ்டமாப்பா?" என்று கேட்டேன், முறைப்படி.

"கணவாய்ல குதிரை கழுத்துவரைக்கும் முங்கிருச்சுப்பா" என்றான் மைராம்பெக். "கடையை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். அம்மாவைவிடக் கடையா பெருசு?"

பிறகு அவர் போய்த் தொப்பியை மாற்றிக்கொண்டு இளையவன் ஜோல்தோஷாக வந்தார். இளையவன் செல்லப்பிள்ளை. அவன் குதிரையிலிருந்து இறங்கக்கூட இல்லை, தானே விழுந்தான். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. "அண்ணே, நெசமாவே விழுந்துட்டீங்களா?" என்றேன். "பேசாம அழு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்றாவது தடவை, மதினியின் கம்பளிச் சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்தார். மகள் அனார். தாடி சால்வைக்கு வெளியே தொங்கியது. சிரிப்பு வரும் என்று பயந்து உதட்டைக் கடித்தேன். மகள் வாசலில் நிற்கக்கூடாது, நேரே உள்ளே போய், முகத்தைக் கம்பட்டைப் பக்கம் திருப்பி உட்கார்ந்து ஒப்பாரி எடுக்கவேண்டும். உள்ளே போனார். உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெரிய முதுகு சால்வைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"எனக்கு ஒப்பாரி தெரியாதுடே" என்றார். "ஆம்பளைக்கு யாரு சொல்லித் தருவா? அனாருக்கும் தெரியாது. அவ படிச்ச புள்ள. உங்க மதினி சொல்லுவா, என் தலைமாட்டுல உக்காந்து பாட ஒரு நாதியில்ல, நானே பாடி வச்சுட்டுப் போறேன்னு பால் கறக்கையில முணுமுணுப்பா. நான் ஒருநாளும் காது குடுத்துக் கேக்கல. இப்ப ஒரு வரி ஞாபகம் வரல. ஒரே ஒரு வரி."

பாட்டே இல்லாமல் ஒரு பொம்பளையை அனுப்ப முடியுமா? தடியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனேன். அவர் பக்கத்தில், முகத்தைக் கம்பட்டைப் பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்து ஒப்பாரி ராகத்தில் விட்டேன்.

"வடமேற்குக் காத்தே, வினாடிக்கு ஆறு மீட்டரே...
பாதரசம் இறங்கிருச்சே, பூஜ்யத்துக்குக் கீழ இருபத்தெட்டே...
மேகமெல்லாம் மூடிருச்சே, பத்துக்கு ஒன்பது பங்கே...
கண்ணுக்கெட்டும் தூரமில்ல, காதுக்கெட்டும் சேதியில்ல...
துமார் கணவாய் அடைச்சிருச்சே, வாரவழி இல்லியே..."

அண்ணன் ஒரு நிமிஷம் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு அந்த ராகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, "இல்லியே... இல்லியே..." என்று தொடங்கினார். தொடங்கினவர் நிறுத்தவில்லை. நான் அழுத்தம் சொன்னேன், ஈரப்பதம் சொன்னேன், மறுநாள் வரப்போகிற காற்றைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் அழுதார். வெளியே நூற்றிருபது ஆடும் மேய்ச்சலை விட்டுக் கூடாரத்தைச் சுற்றி வரிசையாக வந்து நின்றன. யாரும் ஓட்டவில்லை.

வெளியே வந்து முகத்தைப் பனியில் கழுவிக்கொண்டார். கடைசியாக ஒரு வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்தார். அவருடைய கல்யாணத் தொப்பி; பெட்டியின் அடியில் இருந்தது.

"இது கச்கின்" என்றார். குரல் மாறியிருந்தது. "என்ன கேட்டாலும் பதில் சொல்லு. என் இடத்துல நின்னு சொல்லு. மழுப்பாத."

இந்தத் தடவை மேட்டுக்கு அப்பால் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தபோது உச்சியில் தெரிந்தார். ஓட்டி வரவில்லை. அலறவும் இல்லை. குதிரையை நடத்திக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு, அடி அடியாக வந்தார். எனக்கு முன்னால் வந்து நிறுத்தினார். இறங்கவில்லை. சவுக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மேலேயிருந்து என்னைப் பார்த்தார்.

"எங்கடா என் தங்கச்சி?"

"உள்ள இருக்கா மச்சான்."

"பதினேழு வயசு அவளுக்கு. வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைச்சு, பெட்டி கட்டி வாசல்ல வச்சிருந்தா. அந்தப் பெட்டிமேல உக்காந்துதான் வண்டிக்குக் காத்திருந்தா. நீ நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, மூட்டை மாதிரி சேணத்துல குறுக்கப் போட்டுக்கிட்டுப் போன. போனியா இல்லியா?"

பதினாறு வருஷப் பழக்கத்தில் இது எனக்குத் தெரியாது. அவளாக வந்தாள் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அவளும் மறுத்ததில்லை.

"போனேன் மச்சான்."

"கத்துனா. அழுதா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நிப்பாட்டுனியா?"

"இல்ல."

"கொண்டாந்து இந்தக் கல்லுலயும் பனியிலயும் வச்ச. சாணி தட்ட வச்ச. ஆடு கறக்க வச்ச. ஒரு புஸ்தகம் வாங்கிக் குடுத்தியா? எங்க வாசலுக்கு ஒரு தடவை கூட்டிட்டு வந்தியா? உனக்கு வெக்கம். உன் வெக்கத்துக்கு அவ நாற்பத்தொன்பது வருஷம் அம்மா மூஞ்சியப் பாக்கல!"

சவுக்கை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சவுக்கு அவர் மடியில் கிடந்தது. தாடி நனைந்திருந்தது.

"சந்தோஷமா இருந்தாளா?" என்று கேட்டார். அது கச்கின் குரலா, இவர் குரலா என்று எனக்குத் தெரியவில்லை.

மழுப்பாதே என்று சொல்லியிருந்தாரே. "தெரியாது மச்சான்" என்றேன். "நான் ஒருநாளும் கேட்டதில்ல."

"ஒருநாளும்?"

"ஒருநாளும். பயம். ஆனா மேட்டுல ஒருத்தன் இருக்கான் மச்சான். எசென்னு பேரு. ஊருலயே பெரிய புளுகன். அவன் சொல்றான், காலைல காத்துக் கருவியைப் பாக்க வெளிய வர்றப்ப கீழயிருந்து அவ சிரிக்கிறது கேக்குமாம். தினமும் இல்ல. அநேக நாள். என்னை ஏதோ சொல்லிட்டு, தானே சிரிப்பாளாம். அவன் நிலையத்துல கிடக்குற பழைய பேப்பரையெல்லாம் அள்ளிட்டு வந்து எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தா. அறுபது வயசுல நான் என் பேரை எழுதுனேன். வாத்தியார் வேலையைத்தான் பாத்தா மச்சான். ஒரே ஒரு மாணவன். அதுவும் மக்கு."

செவலை தலையை உதறியது. அவர் சேணத்திலிருந்து மெதுவாக, கிழவனாக, இறங்கினார். என் முன்னால் நின்றார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"சரி" என்றார். "மண்ணு போடு."

இரண்டு பேராகத் தூக்கினோம். கொஞ்சம்தான் கனம். சறுக்குப் பலகையில் வைத்துச் செவலை இழுத்தது. குழிக்கு முன்னால் எனக்குத் தெரிந்த தொழுகை அரைகுறை. பள்ளிக்கூடத்தில் கடவுள் இல்லை என்று படித்தவன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும் என்று தெரியும். கூட்டத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். கூட்டத்தை, அதாவது அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்.

"இவ எப்படிப்பட்ட மனுஷி?"

"நல்ல மனுஷி" என்றது கூட்டம்.

"இவ எப்படிப்பட்ட மனுஷி?"

"டீயில உப்பு அள்ளிப் போடுவா. என் புகையிலையை ஒளிச்சு வைப்பா. நல்ல மனுஷி."

"இவ எப்படிப்பட்ட மனுஷி?"

அவர் வாயைத் திறந்தார், முடியவில்லை. எதிர்மலைதான் 'நல்ல மனுஷி' என்றது. எதிரொலி என்றால் யாராவது முதலில் சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மலை தானாகவே சொன்னது.

அவரே குழிக்குள் இறங்கி வாங்கிக்கொண்டார். பக்கவாட்டு அறைக்குள் கிடத்தி, முகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஏறி வர மனசில்லாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. பிறகு கையை நீட்டினார், தூக்கிவிட்டேன்.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பி வந்ததும் விரிப்பைப் போட்டார். கறியை முறை தப்பாமல் பங்கு வைத்தார். இடுப்பெலும்பு கச்கினுக்கு, தொடை மூத்தவனுக்கு, நெஞ்சுக்கறி மகளுக்கு, கணுக்கால் இளையவனுக்கு. நாலு தட்டிலும் ஆவி பறந்தது. ஆவி அடங்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒவ்வொரு பங்கையும் தனித்தனித் துணியில் முடிந்து, கரித்துண்டால் பெயர் எழுதினார். அவள் சொல்லிக் கொடுத்த எழுத்து. குண்டு குண்டாக இருந்தது.

"வழி திறந்ததும் குடுத்து விடு. கெட்டுப்போகாது, வெளிய தொங்கவிடு."

"சரி அண்ணே."

"கணவாய்ல பனி எம்புட்டுடே இருக்கு, இப்ப?"

"மூணு ஆள் உசரம்."

"மூணு ஆளா!"

"குறைச்சுத்தான் சொல்றேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் மூஞ்சி எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது.

"அப்ப சரி" என்றார். "பிள்ளைங்க பாவம், அந்தப் பக்கம் நின்னு எப்படித் துடிச்சாங்களோ. நீ ரேடியோவுல சொல்லிரு. அப்பன் ஒண்ணும் மனசுல வச்சுக்கலன்னு சொல்லு. அம்மாவுக்கு ஒரு முறையும் குறையலன்னு சொல்லு. கச்கின்கிட்டயும் சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரத்துப் பதிவேட்டில், என் கையெழுத்தில், திங்கள் முதல் வியாழன் வரை, ஒரு நாளைக்கு எட்டு வேளையும் எழுதியிருப்பது இதுதான்: வானம் தெளிவு. துமார் கணவாயில் பனி ஏழு சென்டிமீட்டர். பாதை திறந்திருக்கிறது. லாரிகள் போய்வருகின்றன.